ஊரே கையைத் தூக்கியது

"யாரெல்லாம் இன்னிக்கு அவர ஏத்துக்கிறீங்க? கையத் தூக்குங்க" என்று பாஸ்டர் கிதியோன் மைக்கில் கேட்டதும் ஊரே கையைத் தூக்கியது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் தூக்கினார்கள். வேப்பமரத்தடியில் பீடியை அணைத்துவிட்டு நின்ற ஆண்கள் தூக்கினார்கள். முத்துச்செல்வி தன் கையோடு இடுப்பில் இருந்த பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்த ஊர்ப்பெரியவர் வன்னியபெருமாள், மஞ்சள் கயிறு கட்டிய அதே கையைத் தூக்கினார்.

ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹெப்சிபா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த ஊரில் அவள் இரண்டு வருஷமாக இருக்கிறாள். ஒரு தெருவிளக்கை எங்கே நடுவது என்பதற்குக்கூட இரண்டு கட்சியாக நின்று மல்லுக்கட்டுகிற ஜனம் இது. அந்த ஜனம் யாரை, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் கையைத் தூக்கினால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருந்த பத்துப் பேரும் சந்தேகப்படவில்லை. ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டில் வரிசையாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தார். கிட்டார் வைத்திருந்தவன் பாட்டை ஆரம்பித்தான். ஜோயல் என்ற இன்னொருவன் ட்ரோனை மேலே ஏற்றினான். தூக்கிய கைகள் எல்லாம் அப்படியே அந்தரத்தில் நின்றன, அத்தனை தலையும் அண்ணாந்து ட்ரோனைப் பார்த்தது.

ஹெப்சிபா கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடைய முன்னோர் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்று கேள்வி. இந்தக் கரிசல் காட்டுக்கும் அவளுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேரைத் தேடி வந்தாள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். புருஷன் போய்ச் சேர்ந்தான், மகள் கல்யாணமாகி ஜொகூர் போனாள், வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கப் பிடிக்கவில்லை. இந்தியாவில் ஊழியத்துக்குப் போகிறாயா என்று சபையில் கேட்டார்கள், சரி என்றாள். பசுவந்தனைக்குப் பக்கத்தில் இந்த ஊரில் சபை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. காலையில் புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பிரஷர் பார்ப்பாள், சர்க்கரை ஏறியவர்களைத் திட்டி கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டுவாள். சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் தனியாகப் பாடி, தனியாக ஜெபம் பண்ணுவாள். கதவு திறந்தே இருக்கும். யாராவது எட்டிப் பார்த்தால் "வாங்க" என்பாள். "நீ சாமி கும்பிட்டு முடி தாயி, பெறவு வாரேன்" என்று போய்விடுவார்கள்.

அவளைப் பார்க்கத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை சபையிலிருந்து குழு வரும். எட்டு நாள் இருப்பார்கள். அந்த எட்டு நாளுக்காக ஹெப்சிபா ஒரு மாதம் ஓடுவாள். மெத்தை, கொசுவலை, கேன் தண்ணீர், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள பக்கத்து வீட்டுச் சாவி, மிளகாய் குறைத்துப் போடத் தெரிந்த சமையல்காரி. வந்தவர்கள் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்று துடிப்பார்கள். போன வருஷம் வந்த குழு படிப்பு அறைக்கு நீலம் அடித்தது. இந்த வருஷக் குழு அதற்கு மேல் மஞ்சள் அடித்தது. அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும். ஊரும் அதன் பங்குக்கு விழுந்து விழுந்து உபசரித்தது. வன்னியபெருமாள் கடம்பூர் போய் போளி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். முத்துச்செல்வி நுங்கு வெட்டிக் கொடுத்தாள். பேச்சித்தாய் தன் ஆட்டுக்குட்டியை ஒவ்வொருவர் மடியிலும் வைத்து போட்டோவுக்கு நின்றாள்.

நாளை ஞாயிறு. பத்து மணிக்கு வேன் வரும், மதுரை போய் விமானம் ஏறிவிடுவார்கள். நல்லபடியாக முடியப் போகிறது என்றுதான் ஹெப்சிபா நினைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவியபடியே பாஸ்டர் சொன்னார்.

"நாளைக்குக் காலைலயே ஞானஸ்நானம் வெச்சிரலாம் சிஸ்டர். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கே, படியெல்லாம் கட்டி. மேலேருந்து ஜோயல் எடுத்துக் காட்டினான். ரொம்ப அழகா இருக்கு லா."

"அது குளம் இல்ல பாஸ்டர், ஊருணி. குடிக்கிற தண்ணி."

"தண்ணிதானே?"

"அதுல யாரும் காலு வெக்க மாட்டாங்க. குளிக்க மாட்டாங்க, துணி தொவைக்க மாட்டாங்க. கரைக்கே செருப்பு போட்டுப் போக மாட்டாங்க."

பாஸ்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இந்த மாதிரிக் கட்டுலேருந்து ஜனங்கள விடுவிக்கத்தானே சிஸ்டர் நாம வந்திருக்கோம்? நீங்களுமா இத நம்புறீங்க?"

"நான் அதக் குடிக்கிறேன் பாஸ்டர்."

அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. ஆற்றுக்குப் போகலாம் என்றாள். நேரமில்லை என்றார். தொட்டி கட்டலாம், டிரம் வைக்கலாம் என்றாள். பைபிளில் மந்திரி ஒருத்தர் வழியில் தண்ணீரைக் கண்டதும் அந்த இடத்திலேயே இறங்கி ஸ்நானம் பெற்ற வசனத்தைப் பாஸ்டர் சொன்னார். பெட்டியைத் திறந்து வெள்ளை அங்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். சபைப் பெண்கள் புது மல் துணியில் தைத்துக் கொடுத்தவை. ஹெப்சிபாவும் பத்து வருஷம் உட்கார்ந்து தைத்த அதே தையல். கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் எந்தச் சிஸ்டர் கை என்றுகூட அவளுக்குத் தெரிந்தது.

"ஆத்துமாக்கள் கை தூக்கியிருக்கு. நாளைக்கு வேணாம்னு சொன்னா நாம எப்படி சபைக்குப் பதில் சொல்றது? அடுத்த வருஷம் இந்த ஊழியத்த வெச்சிருக்கணுமா வேணாமான்னு கமிட்டில கேள்வி இருக்கு. நான் உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

அதுவும் பொய் இல்லை. அவளுடைய புருஷன் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற மகள் வருமுன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் இந்த கிதியோன்தான். வாயில் தண்ணீர் ஊற்றியவர், சவப்பெட்டியைத் தூக்கியவர். அந்த மனிதரை எதிர்த்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பாஸ்டருக்கு ஊருணியைப் பற்றி என்ன தெரியும்? இந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர். வாயில் வைத்தால் பல் கூசும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும், எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. ஐப்பசி மழையில் நிறைகிற ஊருணித் தண்ணீரை அடுத்த ஐப்பசி வரை வைத்துக் குடிக்க வேண்டும். இப்போது பங்குனி. காடெல்லாம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. பாதி ஊருணிதான் மிச்சம். வேப்பமரத்தடியில் செருப்பை விட்டுவிட்டுக் கரையேறி, படியில் இறங்கி, கால் நனையாமல் நின்று குடத்தைச் சாய்த்து மொள்ள வேண்டும். எல்லாத் தெருக்காரர்களும் அந்தப் படியில் இறங்குவதற்கே ஒரு காலத்தில் மண்டை உடைந்திருக்கிறது. இன்றைக்கு எல்லாரும் இறங்குகிறார்கள், கால் மட்டும் யாரும் நனைப்பதில்லை. பேச்சித்தாயின் ஆடுகள்கூட அந்தக் கரையில் ஏறாது, ஏறினால் வாங்குகிற அடி அவற்றுக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஹெப்சிபா கேன் தண்ணீர்தான் குடித்தாள். ஊருணிக்குப் போகலாமா என்று யாரிடமும் கேட்கவும் கூச்சம். ஒரு நாள் விடியற்காலை பேச்சித்தாய் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "காசு குடுத்தா தண்ணி குடிப்பே? எந்திரிச்சு வா" என்றாள். முதல் குடத்தை மொண்டு தூக்கியபோது படியில் நின்ற பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். கிள்ளானில் பதவி உயர்வு வந்த நாளில்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் பேச்சித்தாய் வீட்டுக்குப் போனாள். பேச்சித்தாய் ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் புண்ணில் கால் பெருவிரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஹெப்சிபா எட்டு மாதம் கட்டுப் போட்டு மிச்சம் பிடித்த கால் அவளுக்கு. அந்தக் காலால் ஒரு கிடாவைத் தள்ளிக்கொண்டே, "என்ன நர்சம்மா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு" என்றாள்.

"காலைல கையத் தூக்குனீங்களே, எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அவிய சாமிய ஏத்துக்கிடுதியளான்னு கேட்டாவ. தூக்குனோம்."

"அப்ப நெசமாவே ஏத்துக்கிறீங்களா?"

பேச்சித்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். "வார செவ்வாக்கெழம பொங்கலு. இந்தா நிக்கானே, இவன அம்மனுக்கு நேந்து விட்டுருக்கு. என்ன கேள்வி கேக்க நீ?"

"பின்ன ஏன் தூக்குனீங்க?"

"ஒனக்காவத்தான்." இதைக்கூட விளக்க வேண்டுமா என்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது. "வன்னியபெருமாள் அண்ணாச்சி வீடுவீடா வந்து சொன்னாவல்லா. நர்சம்மா ஊர்லருந்து பெரியாளுவ வந்திருக்காவ, என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லிராதிய. நாம இல்லன்னா அந்தப் பொம்பளைக்குத்தான் கொறச்சல், ரெண்டு வருசமா அங்கன இருந்து என்னத்தக் கிழிச்சேன்னு கேட்டுருவாவன்னாவ. ஒன் ஆளுவ முன்னால ஒன்னைய விட்டுக்குடுக்கச் சொல்லுதியா?"

ஹெப்சிபா பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. காப்புக் கட்டிய கையைத் தூக்கிய வன்னியபெருமாள் நினைவுக்கு வந்தார். அந்த மனிதர் தன் அம்மனிடம் என்ன சமாதானம் சொல்லிவிட்டு வந்து கையைத் தூக்கினாரோ. இவ்வளவையும் அவளுக்காகச் செய்துவிட்டு, அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுகூட ஊருக்குத் தோன்றவில்லை.

"பேச்சி, அவங்க நாளைக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறாங்க. கை தூக்குனவங்கள ஊருணில எறக்கி முக்கி எடுக்கணும்னு இருக்காங்க."

பேச்சித்தாயின் கை நின்றது. "எங்கன?"

"ஊருணில."

"தண்ணிக்குள்ளயா? காலோடயா?"

"ஆமா."

அவள் பட்டிப் படலை இழுத்துச் சாத்தினாள். பிறகு பேச்சித்தாய் கேட்டாள், "நீ என்ன சொன்ன?"

"குடிக்கிற தண்ணின்னு சொன்னேன். கேக்கல."

"கேக்கலன்னதும் எந்திரிச்சு வந்துட்டியாக்கும்." அவள் முந்தானையை உதறிச் செருகினாள். "நான் போயி ஊர்ல சொல்லட்டா? சொன்னா அவிய வண்டி இங்கனருந்து முழுசாப் போவாது. எங்காளுவ கையத் தூக்கவும் தூக்குவாவ, ஓங்கவும் ஓங்குவாவ."

"வேணாம். அவங்க என் ஆளுங்க. நானே சொல்றேன்."

"சொன்னா ஒன்னைய இங்கன இருக்க விடுவாவளா?"

"விட மாட்டாங்க" என்றாள் ஹெப்சிபா. சொல்லிவிட்ட பிறகு மனசு லேசாக இருந்தது.

விடிந்ததும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். வேப்பமரத்தடியில் செருப்பை விட்டாள். படியில் இறங்கி, தண்ணீருக்கு மேலே காய்ந்த கடைசிப் படியில் நின்றாள். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. என் பக்கம் நில்லும் என்று கேட்கவும் பிடிக்கவில்லை, கர்த்தர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பாட்டுச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகள் வந்தன. முன்னால் பாஸ்டர், அங்கிகளை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி லீனா. பின்னால் ஊர் ஜனம் குடங்களோடு கொஞ்சம் தள்ளி வந்து நின்றது. பேச்சித்தாய் வாயைத் திறந்திருக்கவில்லை, அது ஊர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த முகங்கள்தான் எல்லாம். வேப்பமரத்தைத் தாண்டி பாஸ்டர் பளபளக்கும் ஷூவோடு கரையேறியபோதுதான் அந்த முகங்கள் மாறின. வன்னியபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் வரிந்து கட்டினார்.

"பாஸ்டர், அங்கேயே நில்லுங்க" என்றாள் ஹெப்சிபா. வார்டில் ராத்திரி ஷிஃப்டில் சத்தம் போடுகிறவர்களை அடக்குகிற குரல் அது. கிட்டார் நின்றது.

"சிஸ்டர், என்னா இது?"

"ஷூவக் கழட்டுங்க. கழட்டினாலும் தண்ணில எறங்கக் கூடாது. நான் விட மாட்டேன்."

"ஆத்துமாக்களுக்குக் குறுக்கே நிக்காதீங்க."

"ஆத்துமா ஒண்ணும் இங்க இல்ல பாஸ்டர். தண்ணி எடுக்க வந்தவங்கதான் இருக்காங்க." அவள் குரல் உயர்ந்தது, ஊருக்கும் கேட்கட்டும் என்றே உயர்ந்தது. "நேத்து இவங்க கையத் தூக்குனது கர்த்தருக்காக இல்ல, எனக்காக. உங்க முன்னால நான் தலை குனியக் கூடாதுன்னு தூக்குனாங்க. ரெண்டு வருஷத்துல நான் ஒருத்தரையும் கொண்டு வரல. கமிட்டில அப்படியே சொல்லுங்க. ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லுங்க."

பாஸ்டரின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "உங்கள யாரு அனுப்பினாங்கன்னு மறந்துட்டுப் பேசறீங்க."

"மறக்கல. இந்தத் தண்ணி ஐப்பசி வரைக்கும் இவங்களுக்கு வேணும். நீங்க கேன் தண்ணி குடிச்சிட்டு, பத்து மணிக்குப் போயிருவீங்க. உங்க காலு பட்ட தண்ணிய நாளைக்கு இவங்க பிள்ளைங்கதான் குடிக்கணும், நானும் குடிக்கணும். மிதிச்சிட்டுத்தான் போவணும்னா என்னத் தள்ளிட்டுப் போங்க."

பாஸ்டர் ஒரு படி இறங்கினார். ஹெப்சிபா நகரவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து எடுத்துப் படியின் குறுக்கே வைத்தாள். தன் வீட்டுச் சவத்தைத் தோளில் சுமந்த மனிதரின் கண்ணை நேராகப் பார்ப்பது எளிதாக இல்லை. ஆனாலும் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார். பின்னால் திரும்பிப் பார்த்தவர் அப்போதுதான் ஊரைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். நேற்று கையைத் தூக்கிய அத்தனை பேரும் வெறும் காலில் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் நேற்றைய விருந்தாளிச் சிரிப்பு இல்லை.

லீனா குனிந்து தன் செருப்புகளைக் கழற்றினாள். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டாள். முத்துச்செல்வி வந்து அவற்றை வாங்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

"வேன் பத்து மணிக்கு" என்றார் பாஸ்டர். "உங்களுக்கும் சீட்டு இருக்கு. பெட்டி கட்டிக்கிட்டு வந்தா வாங்க. வரலன்னா, அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் இனிமே சபை பொறுப்பில்ல." அவர் கரையிறங்கி நடந்தார். ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. லீனா கடைசியாகப் போனாள். போகிற போக்கில் அங்கிகளை மேல் படியில் வைத்துவிட்டுப் போனாள். மறந்து வைத்தாளா, வேண்டும் என்றே வைத்தாளா என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை.

பெண்கள் வழக்கம்போல இறங்கி மொள்ள ஆரம்பித்தார்கள். யாரும் அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை. வன்னியபெருமாள் மட்டும் துண்டை அவிழ்த்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு, "பதனமாப் படியேறு தாயி, பாசி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஹெப்சிபா குடத்தை மொண்டு மேல் படிக்குக் கொண்டுவந்தாள். வற்றிக் குறைந்த தண்ணீர், கலங்கல் இருந்தது. வடிகட்டுகிற துணியைக் காலை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். காலிக் குடத்தோடு மேல் படியில் நின்ற பேச்சித்தாய் அங்கி ஒன்றை எடுத்து விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"புதுத் துணி. மல்லு. நல்லா வடியும்."

ஹெப்சிபா அதைக் கையில் வாங்கினாள். அந்தத் தையல் தெரிந்த கையினுடையது, நூல்கூட அவள் வாங்கிப் போட்ட நூலாக இருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மடித்துப் பேச்சித்தாயின் காலிக் குடத்து வாயில் விரித்து, நடுவில் குழித்துப் பிடித்தாள்.

ரோட்டிலிருந்து வேன் ஹாரன் அடித்தது. ஒரு தடவை அடித்து நிறுத்தியது. மறுபடியும் நீளமாக அடித்தது.

"கூப்புடுதாவ" என்றாள் பேச்சித்தாய்.

"கேக்குது. ஊத்துங்க."

பேச்சித்தாய் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் வெள்ளைத் துணியில் குளமாக நின்று, தூசியையும் வேப்பஞ்சருகையும் மேலே நிறுத்திவிட்டு, மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஹெப்சிபா இரண்டு கையாலும் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருந்தாள்.